கொன்ற பொருள்

எங்கள் மில்லில் வெள்ளிக்கிழமை பூஜைக்கு எலுமிச்சம்பழம் வாங்குவது என் பொறுப்பு. மிஷினுக்கு ஒன்று வீதம் நாற்பத்தொரு பழம். நன்றாக மஞ்சளாகியிருக்க வேண்டும், அழுத்தினால் மெத்தென்று இருக்க வேண்டும். கடைக்காரன் அடியில் காயை வைத்துத் தள்ளிவிடப் பார்ப்பான். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுப்பேன். பர்சனல் ஆபீசர் என்று அறைவாசலில் போர்டு மாட்டிக்கொண்டு எலுமிச்சம்பழம் பொறுக்குகிறவர் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே நீங்கள் ஒருவர்தான் என்று என் மனைவி கேலி செய்வாள். எனக்கு அதில் வெட்கம் இல்லை. எந்த வேலையானாலும் சரியாகச் செய்ய வேண்டும் என்பது என் குணம்.

வக்கீல் ஐயா, நிஜாம் வழக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். அப்பீல் போட இன்றுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குள் காகிதம் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று டெலிபோனில் சொன்னீர்கள். இப்போது மணி இரண்டே கால். மேஜைக்கு அந்தப் பக்கம் நிஜாமின் மனைவி உம்மல் குல்சும் மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் முடித்ததும் வாங்கிக்கொண்டு, போத்தனூரில் பஸ் ஏறி உங்களிடம் வந்துவிடுவார். அவருக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. அதனால் எதிரிலேயே வைத்துக்கொண்டு எழுதுவதில் சிரமம் இல்லை. இன்று கடைசி நாள் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. வீணாகப் பதறுவார்.

நிஜாம் எங்கள் மில்லில் ஸ்டீம் சேம்பர் ஆபரேட்டர். நூலின் முறுக்குப் பிரியாமல் இருப்பதற்காக, சுற்றி முடித்த கோன்களை ஓர் இரும்பு அறைக்குள் தள்ளி, கதவைச் சக்கரத்தால் இறுக்கி, உள்ளே ஆவியைத் திறந்துவிடுவோம். அந்த அறைதான் சேம்பர். ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். 1994 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஃபிட்டர் ஐயாசாமி அதற்குள் இருக்கும்போது கதவு மூடப்பட்டு ஆவி திறக்கப்பட்டது. ஐயாசாமி செத்துப்போனார். உள்ளே ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஆவியைத் திறந்துவிட்டு நிஜாம் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டான் என்று கோர்ட் முடிவு செய்து, போன மாதம் இரண்டு வருடத் தண்டனை கொடுத்தது. "நான் போறப்போ சேம்பர் காலியா இருந்துச்சுங்க, கதவு தொறந்து கெடந்துச்சுங்க" என்பதை அவன் ஆரம்பம் முதல் மாற்றவே இல்லை. அவன் சொல்வது உண்மை.

அது எப்படி உண்மை என்று விளக்க நான் ஓர் ஆங்கிலச் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் சட்டம் படித்தவர். ஆனாலும் இந்தச் சொல் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. படுவதற்கு வாய்ப்பும் இல்லை, அது வழக்கொழிந்து நூற்றைம்பது வருடம் ஆகிறது. டியோடண்ட் என்பது அந்தச் சொல்.

எனக்குப் பழைய இங்கிலீஷ் வார்த்தைகளில் ஒரு பித்து உண்டு. உக்கடத்தில் மைதீன் பிச்சை என்பவர் பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறார். பெரும்பாலும் பள்ளிக்கூடப் புத்தகங்கள்தான். எப்போதாவது செத்துப்போன வக்கீல் வீட்டுப் பீரோ ஒன்று மொத்தமாக வந்து இறங்கும். எனக்கென்று சிலதை எடுத்து வைப்பார். அட்டை போன சட்ட அகராதி ஒன்றை அப்படித்தான் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன், அவர் டீ சொல்லுவார். பத்து வருடப் பழக்கம். அவருடைய மகள் ஜாஹிதாவுக்கு எங்கள் மில்லில் வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். பத்தாவது படித்த பெண். பஞ்சு சீவுகிற கார்டிங் பிரிவில் போட்டோம்.

1993 ஜூனில் கார்டிங் மிஷின் ஜாஹிதாவை இழுத்துக்கொண்டது. பஞ்சைச் சீவுகிற உருளைக்கு மேலே ஒரு இரும்பு மூடி உண்டு. பஞ்சு அடைத்துக்கொண்டால் மிஷினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி மாட்ட வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். அந்த மாதம் ஏற்றுமதி ஆர்டர் நெருக்கியது. மூடி அப்போது மிஷின்மேல் இல்லை. பெண் கையால் அடைப்பை எடுக்கப் போயிருக்கிறாள். துப்பட்டா முதலில் போயிருக்கிறது. அதற்கு மேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

முதலாளி தம்பிதுரை படித்தவர், மேல்நாடெல்லாம் போய் வந்தவர். ஆனால் மில்லில் கடைசிச் சொல் அவருடைய அம்மா மயிலாத்தாளுடையது. மூன்றாம் நாள் அந்த அம்மா காரிலிருந்து இறங்கி நேராகக் கார்டிங்குக்கு வந்தார். மிஷினைத் தொடவில்லை, பத்தடி தள்ளியே நின்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒரு உசுரு குடிச்ச மிஷினு இந்தக் காம்பவுண்டுக்குள்ள இன்னொரு சுத்து சுத்தக்கூடாது, பொங்கியண்ணா. ஒடச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, வர்றதை மாரியம்மனுக்குக் குடுத்துப்போடு."

இந்தப் பக்கத்தில் இது புதிதல்ல. ஆளை அடித்த லாரியைக் கேரளாவுக்கு விற்றுவிடுவார்கள். குழந்தை விழுந்த கிணற்றின் மோட்டாரைக் கழற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் தொழிலாளர்களும் அந்த மிஷினைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் மஞ்சள் தண்ணீர் தெளித்து, பெரிய சுத்தியல் கொண்டு ஆறு பேர் உடைத்தார்கள். ஓங்கி அடித்தார்கள், ஐயா. சிலர் திட்டிக்கொண்டே அடித்தார்கள். லாரி கேட்டைத் தாண்டியபோது எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. விசாரிக்க வந்த அதிகாரிக்குப் பார்க்க ஒன்றுமில்லை, வெறும் தரைதான் இருந்தது. மூடி எங்கே என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை எதற்கோ அகராதியைப் புரட்டியபோதுதான் அந்தச் சொல் கண்ணில் பட்டது. லத்தீனில் இரண்டு சொற்கள், கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது என்று பொருள். இங்கிலாந்தில் அறுநூறு வருடத்துக்கு மேல் அது சட்டமாக இருந்திருக்கிறது. வண்டி ஏறி ஒருவன் செத்தால் வண்டி குற்றவாளி. மாடு முட்டினால் மாடு, மரம் முறிந்து விழுந்தால் மரம், கொதிக்கிற அண்டாவில் ஆள் விழுந்தால் அண்டா. ஊரில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து இந்தப் பொருள்தான் கொன்றது என்று தீர்ப்பு சொல்ல, அந்தப் பொருள் ராஜாவுக்குப் போய்விடும். ராஜா அதைத் தர்ம காரியத்துக்குக் கொடுக்க வேண்டும். அதில் நுணுக்கமெல்லாம் உண்டு. நின்றுகொண்டிருக்கிற வண்டிச் சக்கரத்தில் ஏறி ஒருவன் தவறி விழுந்து செத்தால் அந்தச் சக்கரம் மட்டும்தான் குற்றவாளி. வண்டி ஓடிக்கொண்டிருந்தால் வண்டி, மாடு, ஏற்றிய மூட்டை எல்லாமே குற்றவாளி. உப்புத் தண்ணீரில் ஓடும் கப்பலுக்கு இந்தச் சட்டம் கிடையாது, ஆற்றில் ஓடும் படகுக்கு உண்டு.

படித்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மயிலாத்தாளுக்கு ஒரு எழுத்து இங்கிலீஷ் தெரியாது. அவர் வாயிலிருந்து வந்ததை வெள்ளைக்காரன் ராஜ்யமே அறுநூறு வருடம் சட்டமாக வைத்திருந்திருக்கிறது. மறுநாள் தம்பிதுரையிடம் படித்துக் காட்டினேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கிளப்பில் நாலு பேரிடம் சொல்வதற்காக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

உம்மல் குல்சும் இப்போது என்னைப் பார்க்கிறார். "நெறைய எழுதறீங்கண்ணா" என்கிறார்.

"ஆமாம் அம்மணி, நெறைய இருக்குது."

"எழுதுங்க, எழுதுங்க. உங்க எழுத்துதானுங்க எங்களைக் காப்பாத்தோணும்."

ஒன்றே முக்கால் வருடமாகப் புதன்கிழமைதோறும் வருகிறார். கலெக்டருக்கு, மந்திரிக்கு, மனித உரிமைக்காரர்களுக்கு என்று இதுவரை பத்தொன்பது மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் நல்ல இங்கிலீஷ். ஒன்றுக்குக்கூட நான் காசு வாங்கியதில்லை. வரும்போது வெறுங்கையோடு வர மாட்டார், மகள் யுஸ்ரா செய்தது என்று எதையாவது டப்பாவில் கொண்டுவருவார். ஒரு புதன்கிழமை அவரைத் தவிர்க்க நினைத்தேன். லீவு போட்டுப் பார்த்தேன், வியாழக்கிழமை வந்தார். அவருடைய நன்றி இருக்கிறதே, அதிலிருந்து எனக்குத் தப்பிக்க வழியே இல்லை.

விட்ட இடத்துக்கு வருகிறேன். ஜாஹிதாவின் நாற்பதாம் நாள் கழிந்து உக்கடத்துக்குப் போனேன். மைதீன் பிச்சை கடை திறந்திருந்தார். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரிந்தது சொற்கள்தான். அகராதியை எடுத்துப் போயிருந்தேன். டியோடண்டின் வரலாற்றை அவருக்குத் தமிழில் சொன்னேன். மகளைக் கொன்ற மிஷினை உடைத்தாயிற்று, நியாயம் அங்கேயே முடிந்துவிட்டது, இங்கிலாந்திலும் இதுதான் முறை என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தச் சட்டம் இப்பவும் இருக்குதுங்களா?"

இல்லை என்றேன். ரயில் வந்த பிறகு ஆட்கள் இஞ்சினில் அடிபட்டுச் சாக ஆரம்பித்தார்கள். தீர்ப்புச் சொல்கிறவர்கள் இஞ்சினே குற்றவாளி என்று பெரும் தொகை விதித்தார்கள். கம்பெனிக்காரர்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. 1846-ல் பார்லிமெண்டில் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

மைதீன் பிச்சை கொஞ்ச நேரம் ஒரு பழைய அட்லஸின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். "மிஷினுக்குத் தண்டனை குடுத்துட்டீங்க, சரிங்க. அதை மூடியில்லாம ஓட்டச் சொன்னவங்களுக்கு?"

மூடி இல்லாத விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் திக்கென்றது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு நான் போகவில்லை.

அவருக்கு முழுதாகத் தெரியாது, அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கிறது. முழுதாகத் தெரிந்தவர் ஐயாசாமி ஒருவர்தான். மூடியைக் கழற்றி மூலையில் சாத்தியவர் அவர். எட்டு நாள் மூடியில்லாமல்தான் மிஷின் ஓடியது. அந்த எட்டு நாளும் பாதுகாப்பு ரிஜிஸ்டரில், மூடி சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். கழற்றச் சொன்னவனும் நான்தான். முதலாளி சொல்லவில்லை. ஆர்டர் சீக்கிரம் முடிந்தால் அவர் சந்தோஷப்படுவார் என்று நானாகச் சொன்னேன். இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. ரிஜிஸ்டர் இப்போதும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

ஐயாசாமி மோசமான மனிதர் இல்லை. மிரட்டத் தெரியாது, எதையும் எதிர்பார்க்கவும் தெரியாது. அதுதான் சங்கடம். எதையாவது எதிர்பார்க்கிறவனிடம் பேசி முடிக்கலாம். ஜாஹிதா போன பிறகு அவர் சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னார்கள். மில்லில் உள்ள ஒவ்வொரு மூடியையும் கம்பியையும் தானாகவே சரிபார்க்க ஆரம்பித்தார். வேலை நேரம் முடிந்த பிறகும் ஸ்பேனரோடு அலைவார். மாதம் ஒருமுறை என் அறை வாசலில் வந்து நிற்பார்.

"சாருங்க, என்ற கையாலதானுங்க கழட்டுனேன். அந்தப் பாய் மொகத்துல முழிக்க முடியறதில்லைங்க. நம்ம ரெண்டு பேரும் ஒரு எட்டுப் போயி சொல்லிப்போட்டு வந்தரலாமுங்க."

"போலாம் ஐயாசாமி. கொஞ்சம் பொறுங்க" என்பேன்.

பதினேழு மாதம் பொறுத்தார். எனக்கு அந்தப் பதினேழு மாதமும் பயம்தான். அதை நேராகவே சொல்லிவிடுகிறேன். அறைவாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பயம், ஐயாசாமி யாரோடாவது நின்று பேசுவதைப் பார்த்தால் பயம். இருபத்திரண்டு வருடம் நான் சம்பாதித்தது ஒரே ஒரு பெயர். பொங்கியண்ணன் கையெழுத்துப் போட்டால் சரியாக இருக்கும் என்கிற பெயர். அது போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மணி மூன்று ஐந்து. உம்மல் குல்சும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஜெயிலில் நிஜாமைப் பார்த்ததைச் சொல்கிறார். வெந்துபோன கைத்தோல் இன்னும் மழமழவென்று இருக்கிறதாம், விரலை மடக்க முடிவதில்லையாம். அன்று சேம்பர் கதவைத் திறந்து ஐயாசாமியை வெளியே இழுத்தவன் அவன்தான். தொழுகை முடிந்து வந்தவன், கதவு மூடி ஆவி ஓடுவதைப் பார்த்து ஓடிப்போய் வால்வை அடைத்திருக்கிறான், வெறுங்கையால் இழுத்திருக்கிறான். தன் தவறு தெரிந்ததால்தான் அப்படிப் பதறினான் என்று அரசு வக்கீல் வாதாடினார். நான் கோர்ட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல வாதமாகத்தான் பட்டது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகிற ஆட்களுக்கு நான்தான் வெளியே போகும் சீட்டு எழுதித் தருவேன். பன்னிரண்டு நாற்பதுக்கு நிஜாம் வந்தான். நேரம் போட்டுக் கொடுத்தேன். அவன் கேட்டைத் தாண்டியதும் ஐயாசாமி வந்தார்.

"ஏனுங்க சார், சேம்பர்ல அந்த மணி ரெண்டு வருசமா அடிக்கறதில்லைங்கல்ல, இன்னைக்குச் சரி பண்ணிப்போட்டனுங்க. ஒருக்கா வந்து பாத்து ரிஜிஸ்டர்ல எழுதிக்குங்க."

சேம்பருக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் வெளியே தெரிவிக்க ஒரு கயிறு உண்டு. உள்ளே இழுத்தால் வெளியே சுவரில் மணி அடிக்கும். அது கெட்டுப்போயிருந்ததும் எனக்குத் தெரியும், மாதாமாதம் சரியாக இருக்கிறது என்று நான் எழுதிவந்ததும் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக் காட்டாமல் சரி மட்டும் செய்திருந்தார். இரண்டு பேரும் பின்பக்கம் நடந்தோம். சாப்பாட்டு நேரம், அந்தப் பக்கம் யாரும் இல்லை. வழியில் சொன்னார், வரும் ஞாயிற்றுக்கிழமை மைதீன் பிச்சை வீட்டுக்குப் போவதாக முடிவு செய்துவிட்டாராம்.

"நீங்க வந்தா ரெண்டு பேரும் போவோமுங்க. வராட்டியும் நான் போறனுங்க சார். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை என்றேன். நினைக்கவும் இல்லை.

சேம்பர் வாசலில் அவர்தான் சொன்னார். "நான் உள்ள போறனுங்க. நீங்க கதவை மூடுங்க. மூடுனாத்தானுங்க சத்தம் வெளிய கேக்குதான்னு தெரியும். இழுக்கறேன், கேட்டா தொறந்துவிடுங்க." சிரித்துக்கொண்டே போனார். வேலையைச் சரியாக முடித்துவிட்ட ஆளின் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

ஆகவே கதவை அவர் சொல்லித்தான் மூடினேன். சக்கரத்தைச் சுற்றி இறுக்கினேன். மணி அடித்தது. நன்றாகக் கேட்டது, ஐயா. கணீரென்று மூன்று முறை. கொஞ்சம் நிறுத்தி, இன்னும் மூன்று முறை. கேட்கிறதா என்று கேட்கிற மாதிரி அடித்தார். கேட்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். சக்கரத்தில் என் கை இருந்தது. அப்போது எனக்கு அந்தச் சொல் ஞாபகம் வந்தது.

இதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தச் சொல் மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் கதவைத் திறந்திருப்பேன். நான் கொலைகாரன் இல்லை, ஒரு கோழியைக்கூட நான் அறுத்ததில்லை. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்தது. மயிலாத்தாள் வருவார், பத்தடி தள்ளி நிற்பார். மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள், சுத்தியல் வரும், லாரி வரும். சேம்பர் குற்றவாளியாகிக் கேட்டைத் தாண்டிப் போகும். எல்லோர் முகமும் தெளியும். மனிதர் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது. அறுநூறு வருடம் ஒரு தேசமே அப்படி நிம்மதியாக இருந்திருக்கிறது. வால்வு கதவுக்கு வலது பக்கம், என் தோள் உயரத்தில் இருந்தது. திறந்தேன்.

மணி பிறகு வேறு மாதிரி அடித்தது. அதன் பின் கதவைத் தட்டினார். என் பெயரைச் சொல்லவில்லை, சாருங்க, சாருங்க என்றுதான் கூப்பிட்டார். நான் ஒன்றும் செய்யவில்லை, நின்றுகொண்டிருந்தேன். சத்தம் அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கேண்டீனுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை அரிசிம்பருப்பு சாதம் போடுவார்கள். சாப்பிட்டேன். இரண்டாம் முறை வாங்கவில்லை.

எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. மயிலாத்தாள் வந்தார். ஒரு மில்லில் இரண்டாவது உயிர், நான் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. நான்காம் நாள் சேம்பரை உடைத்தார்கள், மணியும் கயிறும் அதோடு போயிற்று. ஒரே ஒரு இடத்தில்தான் கணக்குத் தப்பியது. ஜாஹிதா விஷயத்தில் மிஷினோடு விட்டுவிட்ட போலீஸ், இந்தத் தடவை ஓர் ஆளைக் கேட்டது. இரண்டாம் முறை சும்மா விட்டால் மேலே கேள்வி வரும் என்றார் இன்ஸ்பெக்டர். பாய்லர்காரரின் நோட்டில் பன்னிரண்டு ஐம்பதுக்கு ஆவி போனதாக இருந்தது. நிஜாம் எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று என்னிடம் கேட்டார்கள். நிஜாமிடம் வாட்ச் கிடையாது, கேட்டிலும் நேரம் எழுதுவதில்லை. திரும்பி வந்ததும் வழக்கப்படி சீட்டை என் மேஜையில் வைத்துவிட்டிருந்தான்.

ஒன்று ஐந்து என்று புதுச் சீட்டு எழுதினேன். நிஜாமின் பேரில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நல்ல பையன். அவனைப் பற்றி அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை, நேரத்தை மட்டும்தான் எழுதினேன்.

பன்னிரண்டு நாற்பது போட்ட பழைய சீட்டை நான் கிழிக்கவில்லை. கிழித்துப்போடுவது தவறு என்று பட்டது. அகராதியில் டியோடண்ட் இருக்கும் பக்கத்தில் வைத்திருந்தேன். அதில் அவன் கையெழுத்தும் இருக்கிறது, என் கையெழுத்தும் இருக்கிறது. அந்த ஒரு சீட்டு போதும், நிஜாம் வெளியே வந்துவிடுவான் என்பது எனக்கே தெரியும். அதை இந்த வாக்குமூலத்தோடு குண்டூசி குத்தி இணைத்திருக்கிறேன்.

ஆக, சுருக்கமாக: கதவை மூடியது நான். ஆவியைத் திறந்தது நான். ஐயாசாமி கூப்பிட்டதைக் கேட்டு நின்றது நான். நேரத்தை மாற்றி எழுதியது நான். மூடியைக் கழற்றச் சொன்னதும் நான். இதற்கு மேல் மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எழுதியதும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. இரண்டு வருடத்தில் இப்படி மூச்சு விட்டதில்லை.

மணி நான்கு பத்து. உம்மல் குல்சும் எழுந்து நின்றார்.

"நாலு மணி பஸ்ஸு போயிருச்சுங்கண்ணா. அடுத்தது நாலு இருவதுக்குங்க, அதுல போனா வக்கீலைப் பாத்தரலாமுங்க. முடிஞ்சுதுங்களா?"

முடிந்தது என்றேன். கையை நீட்டினார். கொடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் அல்லவா, உட்காரச் சொல்லிவிட்டுப் படித்தேன். அங்கங்கே அடித்தல் திருத்தல். நின்றேன், நின்றுகொண்டிருந்தேன் என்று ஒரே சொல் பலமுறை வருகிறது. ராஜா, தர்மம் என்று எழுதிய இடத்தில் வரலாறு போதாது, ஒரு நீதிபதி படித்தால் சிரிப்பார். கார்டிங் மூடியைப் பற்றிய பகுதி முன்னால் வர வேண்டுமோ என்றும் பட்டது.

"அம்மணி, இதைச் சுத்தமா ஒரு பிரதி எடுக்கோணும். இப்படியே குடுத்தா நல்லாருக்காது."

"நேரம் இருக்குதுங்களாண்ணா? இன்னைக்கே குடுக்கோணும்னு எதுவும் இல்லீங்களே?"

"இல்ல. ஒரு நாள் முன்னபின்ன ஆனா ஒண்ணும் இல்ல. புதன்கெழம வாங்க."

"உங்களுக்குத் தெரியாததுங்களா" என்றார். துணிப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். யுஸ்ரா செய்த தேங்காய்ப்பால் கஞ்சி, சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டுமாம். கதவைச் சாத்திக்கொண்டு போனார். நான் எழுந்துபோய் அதைத் திறந்து வைத்தேன். சாத்திய அறையில் இப்போதெல்லாம் என்னால் உட்கார முடிவதில்லை.

இப்போது மணி ஐந்தேகால், வக்கீல் ஐயா. நீங்கள் எனக்காகக் காத்திருந்து கிளம்பியிருப்பீர்கள். நாளை காலை நல்ல பேப்பராக வாங்கி முதலிலிருந்து எழுதுகிறேன். அவசரத்தில் பிழையான ஒரு காகிதத்தைக் கொடுத்து அந்தப் பெண்ணின் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் இதுவரை ஒரு துரோகமும் செய்ததில்லை.